வெர்மொண்டில் போன மீசை

...அதுதானே அண்ணை நானும் கேக்கிறன், அமெரிக்க எல்லைக்கு அங்கால, ஆறு லட்சம் சனங்கூட இல்லாத வெர்மொண்ட் மாநிலத்துக்கு இந்தக் கொழுப்பு எங்கயிருந்து வந்தது? கொஞ்சம் தள்ளுங்கோ, நானும் இருக்கிறன். லண்டன் பிளேனுக்குத்தானே நிக்கிறியள்? நானும் அதுக்குத்தான். நான் இருக்கிற கோட்-டெ-நெய்ஜில இருந்து இந்த மிராபெல் எயாப்போட்டுக்கு வாறதே ஒரு பெரும் பயணம்... அது கிடக்கட்டும், என்ர மூஞ்சியைப் பாருங்கோ. மூக்குக்குக் கீழ ஏதும் தெரியுதோ? ஒண்டுமில்லை! செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதில ஒரு மீசை இருந்தது அண்ணை. உங்கட மாதிரி... இல்லையில்லை, உங்கடயை விட வடிவு. கோவியாதேங்கோ.

நான் ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவுறனான். வெர்மொண்ட் சனல் இஞ்ச கேபிளில வருகுதெல்லோ, அதைப் பாத்துப் பாத்து அந்த ஊர் அரசியல் எனக்கு அத்துப்படி. இந்த ஜனாதிபதித் தேர்தலில என்னோட வேலை செய்யிற அருமைராசா அண்ணை கிளின்டன்தான் எண்டார். அமெரிக்கா முழுக்க வெல்லட்டும், வெர்மொண்டில புஷ்தான் எண்டன் நான். பின்ன என்ன? நூற்றிமுப்பது வருசமா அந்தச் சனம் குடியரசுக் கட்சிக்குத்தான் போட்டது. அறுபத்திநாலில ஒருக்கா மாறினது, அவ்வளவுதான். "புஷ் தோத்தா மீசையை வழிக்கிறன்" எண்டு குசினியே கேக்கச் சொல்லிப்போட்டன்.

வெர்மொண்டில கிளின்டனுக்கு நூற்றுக்கு நாப்பத்தாறு! புஷ்ஷுக்கு முப்பது! நடுவில அந்தக் கோடீஸ்வரர் பெரோ பூந்து இருபத்திமூண்டை அள்ளிக்கொண்டு போட்டார். எனக்கு அங்கயும் வோட் இல்லை, இஞ்சயும் இன்னும் இல்லை. மீசை மட்டும் போட்டுது!

என்ன, ஆர் வாறதோ? பொம்பிளை அண்ணை, நான் கட்டப்போற பொம்பிளை! சாருஜா எண்டு பேர். யாழ்ப்பாணம். நேர கண்டதே இல்லை, படம் மாத்தித்தான் பேச்சு முடிஞ்சது. "உங்கட படத்தைக் கையில வைச்சுக்கொண்டு வருவன்" எண்டு எழுதினவ. அந்தப் படத்தில முகத்தில பாதி மீசைதான்! சத்தியமாப் பயமா இருக்கு அண்ணை. இது வேற ஆரோ எண்டு திரும்பிப் போனா?

அருமைராசா அண்ணையில பிழை சொல்லக்கூடாது. "விடு தம்பி, பொம்பிளை வாற நேரம்" எண்டு கையைப் பிடிச்சவர். நான்தான் ரோசத்தில மூலைக்கடை டெப்பனரில றேசர் வாங்கி... நான்தான். வேற ஒருத்தருமில்லை.

ஆ, கதவு திறக்குது! உந்தப் பச்சைச் சீலை... அவதான்! ஐயோ, உங்களைப் பாக்கிறா அண்ணை! மீசையைப் பொத்துங்கோ! சிரியாதேங்கோ, பொத்துங்கோ! சாருஜா, இஞ்ச, இஞ்சால! நான்தான் கஜீவன்... ஏன் படத்தில மீசையைப் பெருவிரலால மறைச்சுப் பாக்கிறீர்? ஓம், அதே ஆள்தான்... என்ன? அந்த மீசை பிடிக்காமத்தான் ஓமெண்ண மூண்டு மாசம் எடுத்தனீரோ?

அட கடவுளே! இந்த வெர்மொண்ட் சனம் போன தேர்தலிலயே மாறியிருக்கக்கூடாதோ!