விலை கேட்காமல் வாங்கிய கட்டில்கள்

மானியப் பணத்துல பொருள் வாங்கற உங்களுக்கு விதிமுறை சொன்னது எல்லாம் போதும்ங்க. புத்தகத்துல இருக்கறதை நீங்களே படிச்சுக்குவீங்க. இப்ப ஒரு இல்லத்துக்குக் கட்டில் வாங்கின கதையை மட்டும் கேளுங்க... சின்னக் கதைதான்.

எங்க பக்கத்துல ஒரு இல்லம். நடக்க முடியாத குழந்தைங்க தங்கிப் படிக்கற இடம். நடத்தறவங்க பேரு தமயந்தி. கை சுத்தமானவங்க. அடுத்தவங்க வாங்கிக் குடுத்த டீயைக் கூட யோசிச்சுத்தான் குடிப்பாங்க.

அந்த இல்லத்துக்கு மத்திய அரசு மானியம் வந்துச்சு. குழந்தைங்க உருண்டு விழாம இருக்க, பக்கத்துல கம்பி வெச்ச கட்டில் வாங்கணும். நிபந்தனை என்ன? தனித்தனியா மூணு கடையில கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பாத்து, அப்புறம் வாங்கணும். அவ்வளவுதானே?

தமயந்தி நேரா செங்கோடன் கடைக்குப் போனாங்க. இரும்புக் கட்டில், பீரோ விக்கறவரு. நல்ல மனுஷன். இல்லத்துல எந்த பீரோ பூட்டு மக்கர் பண்ணினாலும் காசு வாங்காம சரி பண்ணிக் குடுப்பாரு.

"அண்ணா, கட்டில் வேணும். ஆனா மூணு கொட்டேஷன் கேக்கறாங்க."

"அதுக்கு எதுக்கு அம்மிணி வெயில்ல அலையறே? மூணையும் நானே குடுத்துடறேன்."

"மத்த ரெண்டு கடை?"

"மச்சான் பேர்ல ஒரு லெட்டர்பேடு இருக்குது. வூட்டுக்காரி பேர்ல ஒண்ணு இருக்குது. ரெண்டுலயும் விலையைக் கொஞ்சம் ஏத்திப் போட்டுடறேன். நீ போய்க் குழந்தைங்களைப் பாரு."

சிரிக்கறீங்க... ஏன் சிரிக்கறீங்க? உங்களுக்கும் யாரோ இப்படிக் குடுத்திருக்காங்க!

சரி, கேளுங்க. தமயந்தி இதுல ஒரு ரூபா எடுத்துக்கலை. செங்கோடன் கட்டில்ல ஒரு கம்பி கூடக் குறைக்கலை. ரெண்டு பேரும் நல்லவங்க. ஆபத்தே அங்கதான் இருக்குது.

மானியத்தோட அடுத்த தவணைக்கு முன்னாடி ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தாரு. வாங்கின முறை தப்புன்னு அவரு எழுதிட்டா, கட்டில் பணத்தை இல்லம் திருப்பிக் கட்டணும். எதுல இருந்து கட்டறது? இல்லத்துக்குன்னு இருந்தது கொஞ்சம் நன்கொடைப் பணம். அதுலதான் பிசியோதெரபி டீச்சருக்குச் சம்பளம். அந்த டீச்சர் கையைப் பிடிச்சுத்தான் கவின்மலர்னு ஒரு பொண்ணு... அப்பத்தான் நாலு எட்டு எடுத்து வெக்க ஆரம்பிச்சிருந்தா.

'அம்மிணி பயந்துக்கும்'னு செங்கோடனும் துணைக்கு வந்து உக்காந்துட்டாரு. அதிகாரி கட்டிலை ஆட்டிப் பாத்தாரு.

"கட்டில் நல்லா இருக்கும்மா. இன்னொரு இல்லத்துலயும் இதே மாதிரி கட்டில் வேணும்னு கேட்டாங்க. இந்த ரெண்டாவது கடையில இப்ப என்ன விலைன்னு விசாரிப்போம்."

கொட்டேஷன்ல இருந்த நம்பரை அழுத்தினாரு.

செங்கோடன் சட்டைப்பையில முருகன் பாட்டு!

அவரும் பையை அமுக்கறாரு... அமுக்கறாரு... முருகன் விடுவேனாங்கறாரு. மச்சான் லெட்டர்பேடுல போட்டிருந்தது இவரோட நம்பர்!

அதிகாரி அந்த அழைப்பைக் கட் பண்ணினாரு. மூணாவது நம்பரை அழுத்தி ஸ்பீக்கர்ல போட்டாரு.

"வளர்மதி ஏஜென்சிங்களா? கட்டில் விலை கேக்கணும்."

"ஓனரு இல்லீங்க. புள்ளைங்க இல்லத்துக்கு ஆரோ ஆபீசர் வந்திருக்கறாராமா. அந்தம்மா பயந்துக்கும்னு துணைக்குப் போயிருக்கறாரு. நான் அவரு சம்சாரம்ங்க."

"தெரியுதும்மா. என் எதிர்லதான் உக்காந்திருக்காரு."

செங்கோடன் தமயந்தி பக்கம் சாஞ்சு, மெதுவா, "கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிடு அம்மிணி. எல்லாத்தையும் என் தலையில போடு"ன்னாரு.

தமயந்தி எந்திரிச்சாங்க.

"சார், இவரு ஏமாத்தலை. நான் வேற கடைப் படியே ஏறலை. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழட்டினாரு. "பொருள் நல்ல பொருள். விலையும் அதிகமில்லை. நிஜமாவே நீங்க மூணு கடை ஏறியிருந்தா இவரே கூட ஜெயிச்சிருப்பாரும்மா... ஆனா இதை என்னால ஒத்துக்க முடியாது."

எழுதிட்டாரு. பணத்தைக் கட்டினாங்க. சம்பளம் இல்லாம டீச்சர் வேலையை விட்டு நின்னுட்டாங்க. கவின்மலர் அந்தக் கட்டில்லயே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

இப்ப உங்களைக் கேக்கறேன். இதுல திருடினது யாரு? யாரும் இல்லை. அப்போ அந்தப் பொண்ணோட நடையை எடுத்துக்கிட்டது யாரு? ஒரு உபகாரம்ங்க. சும்மா ஒரு உபகாரம்!

தமயந்தி அழுதுக்கிட்டு வீட்டுல உக்காரலை. டீச்சரைத் திரும்பக் கூப்பிட வாசல் வாசலா ஏறி நன்கொடை கேக்கறாங்க. பாய் வாங்கறதா இருந்தாலும் பஸ் ஏறிப் போய், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு கடையில விலை கேக்கறாங்க. செங்கோடனும் அந்த வரிசையில, விலை எழுதி ஒட்டின கவரோட நிக்கறாரு. போன தடவை ஆர்டர் அவருக்குக் கிடைக்கலை. "அண்ணா, டீ சாப்பிட்டுப் போங்க"ன்னாங்களாம். அவரும் குடிச்சுட்டுத்தான் போனாராம்!

நானும் செங்கோடன் மாதிரி ஒரு வியாபாரிதான். வெளிப்படையாச் சொல்றேன். நீங்க வந்தா, எப்படியாவது வித்துடணும்னுதான் பாப்பேன். அது என் பொழப்பு. உங்க பொழப்பு என்ன? என்னைப் போட்டியில நிறுத்தறது! எனக்கு நன்றி சொல்லணுமா, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்க. ஆர்டரைக் குடுத்து நன்றி சொல்லாதீங்க. அது ஊரான் வரிப்பணம். அதுல நன்றி சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, வாங்கிக்க எனக்கும் உரிமை இல்லை.

பக்கத்துக் கடைக்காரன் என்ன விலை போட்டிருக்கான்னு தெரியாம எனக்குத் தூக்கம் கெடணும்ங்க. என் தூக்கம் கெட்டாத்தான்... நீங்க ஒழுங்கா வாங்கறீங்கன்னு அர்த்தம்.