எல்லாருக்கும் இடம் உண்டு என்ற மருத்துவமனைப் போதகர்

மேடையில் அமர்ந்திருக்கும் பேராயர் அவர்களே! தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் போதகரின் துணைவியாரே, பிள்ளைகளே! இடம் போதாமல் சுவரோரம் நிற்கிற சகோதர சகோதரிகளே! உங்கள் எல்லாருக்கும் கடவுளின் ஆறுதல் கிடைக்கட்டும்.

இந்த இரங்கல் கூட்டத்தில் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? மருத்துவமனைப் போதகரோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவன் நான். சபைப் போதகராகப் பிரசங்க மேடையில் நான் ஒன்று சொன்னால், மருத்துவமனை வார்டில் அவர் வேறொன்று சொல்வார். ஆனால் அவர் மனைவி நேற்று தொலைபேசியில் சொன்னார்: "நீங்கதான் பேசணும் ஐயா. உங்களோட சண்டை போட்டுட்டு வந்த நாள்லதான் அவர் நல்லா சாப்பிடுவார்." இதற்கு மேல் ஒரு தகுதி வேண்டுமா?

நோயாளிகள் அவரைச் சத்தக்காரப் போதகர் என்றார்கள். அவர் சிரித்தால் அடுத்த மாடி வரை கேட்கும். "இது ஆஸ்பத்திரி, கொஞ்சம் மெதுவா" என்று செவிலியர்கள் அதட்டுவார்கள். அவர் வராத நாளில் "எங்கே சத்தத்தையே காணோம்?" என்று தேடுவதும் அவர்கள்தான்!

அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். அதில் சம்பந்தப்பட்ட இருவரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

நம் சபையில் ஒரு தையல்கார அம்மா. அவருக்கு ஒரே மகன், மின்பணியாளர். கடவுள் இல்லை என்பான். ஆனால் நம் ஆலயத்து ஒலிபெருக்கி மக்கர் செய்தால் ஓடி வந்து சரிசெய்வான். "உங்க சாமிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேலி செய்துகொண்டே ஏணியில் ஏறுவான். ஒரு விடியற்காலையில் லாரி மோதி இறந்துபோனான். அடக்க ஆராதனைக்கு வந்த வெளியூர்ப் பிரசங்கியார், சவப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார், விசுவாசிக்காமல் போனவனுக்கு மோட்சக் கரையில் இடமில்லை என்று.

அதோடு அந்த அம்மா ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மருத்துவமனைப் போதகர் அவருடைய கடைக்குப் போனார். அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை.

"உங்க மோட்சம் எனக்கு வேண்டாம் ஐயா. எம்புள்ள இல்லாத வீட்டுல நான் மட்டும் உக்காந்து என்ன பாட்டுப் பாட?"

எந்த வேதக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்தார்கள்? சத்தக்காரப் போதகர் சத்தமே போடாமல் அழுதார். அடுத்த ஞாயிறு நம் மேடையில் நின்று, "அந்தப் பையனும் அங்கே இருப்பான் என்று நான் நம்புகிறேன். எல்லாருமே கடைசியில் வந்து சேருவார்கள் என்றும் நம்புகிறேன்" என்றார்.

சபை இரண்டுபட்டது! விசாரணைக் கூட்டம் கூடியது. சபைச் செயலாளரான நம் பல் மருத்துவர் எழுந்து கேட்டார்: "எல்லாரும் போயிருவாங்கன்னா, நாங்க எதுக்கு ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வரணும்?"

"டாக்டர், பின்னாடி வர்றவருக்கு இடம் கிடைச்சா, முன்னாடியே வந்து உக்காந்த உங்க இடம் சின்னதாயிடுமா?" என்று திருப்பிக் கேட்டார் மருத்துவமனைப் போதகர்.

நானும் விடவில்லை. "வழி ஒன்றுதான். கிறிஸ்து ஒருவரே அந்த வழி. அதில் கை வைக்காதீர்கள்!" என்றேன்.

"வழி ஒண்ணுதான் ஐயா. அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. அந்த வழி எவ்வளவு தூரம் போகும்? அதுலதான் சண்டை. கல்லறை வந்ததும் நின்னுடும்னு நீங்க சொல்றீங்க. அதைத் தாண்டியும் போகும்னு நான் சொல்றேன்."

அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்றவர்கள் பலர். பேராயர் அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்பிக்கை என்று சொல்லலாம். தீர்ப்பு என்று சொல்லக் கூடாது" என்றார்கள். "தீர்ப்பு சொல்றது என் வேலையே இல்லையே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தையல்கார அம்மாவும் திரும்பி வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. முடியவில்லையே!

ஒரு ஞாயிறு, கடைசி வரிசையில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். நொண்டி நொண்டி வந்தார். அந்த லாரியை ஓட்டியவர். கண்ணயர்ந்து வண்டியை விட்டவர். அந்த விபத்திலேயே கால் நொறுங்கி நம் மருத்துவமனையில் கிடந்தார், பிறகு சிறைக்குப் போனார். இரண்டு இடத்திலும் தவறாமல் அவரைப் போய்ப் பார்த்தவர் யார்? அதே போதகர்தான்!

ஆராதனை முடிந்ததும் அம்மா போதகரை வாசலில் மறித்தார். "இவனுமா? இவனும் வருவானா? உங்க கடவுள் வீட்டுல ஒரு கதவுக்குக்கூடவா பூட்டு இல்ல?"

"அம்மா, உங்க மகனுக்காகப் பூட்டு வேண்டாம்னு கேட்டது நீங்கதாம்மா."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த அம்மா அவரை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. விறுவிறுவென்று போய்விட்டார். பல வாரங்கள் வரவில்லை. அந்த நாட்களில் மருத்துவமனைப் போதகர் சிரித்து நான் பார்க்கவில்லை. "அவங்க வராம போயிட்டா நான் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு ஐயா" என்றார்.

நல்ல கோடையில் ஒரு ஞாயிறு அம்மா வந்தார். தன் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் ஒருமுறை திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு போதகரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அங்க மின்விசிறி இல்ல. அந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டுது. ரெண்டு பெஞ்சு முன்னாடி வரச் சொல்லுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் பெஞ்சுக்கு வேண்டாம்" என்றார்.

அன்பர்களே! மன்னிப்பைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த இரண்டு பெஞ்சு தூரத்தைக் கடக்க ஒரு தாய்க்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எல்லாருக்கும் இடம் உண்டு என்பது சுலபமான போதனை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்!

போன வாரம் அவர் படுத்திருந்த வார்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சண்டைக்குத் தயாராக இருந்தார். நான் கேட்டேன்: "போன இடத்துல நான் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"உள்ள போகாம வாசல்லயே உக்காந்துக்குவேன், மத்தவங்க வர்ற வரைக்கும்."

"கதவைச் சாத்திட்டா?"

"சாத்துறவர்கிட்ட பேசிப் பாப்பேன். உங்ககிட்டயே இத்தனை வருஷம் பேசியிருக்கேன், அவர்கிட்ட பேசறதா கஷ்டம்?"

செவிலியர் வந்து எங்கள் இருவரையும் அதட்டினார். அவ்வளவு சிரித்தோம்!

என் கருத்து மாறிவிட்டதா? இல்லை. நாளைக்கே அவர் எழுந்து வந்தாலும் அவரோடு வாதாடுவேன். ஆனால் வார்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் பார்த்த வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது. நாளை முதல் நான் போகிறேன். சபையார் முன்னிலையில், அவர் பிள்ளைகள் முன்னிலையில் உறுதி சொல்கிறேன். ஏதாவது ஒரு படுக்கையருகில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள எங்கே ஐயா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாயின் பிடியிலிருந்து என் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வர மாட்டேன்.