ராஜாவின் கூண்டு

மாலை ஆறரை மணி. ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலை. மேலே ஒரு சந்தைத் திடல்... சந்தை இல்லாத நாளில் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. நடுவில் ராஜா சிலை மட்டும். ஓங்கிய கையில் வாள். யாரும் உடைத்துவிடக் கூடாதென்று சுற்றிலும் கம்பிக்கூண்டு.

என் நண்பன் ஜீவானந்தத்தின் மச்சான் ஏசுராஜ், பெயிண்டர். போன தேர்தல் அறிவித்த அன்று, சிலையைத் துணி சுற்றி மூடும் வேலை அவருக்கு வந்தது. பஞ்சாயத்து ஆள் கோபால்சாமி கூண்டைத் திறந்துவிட்டு, சாவியோடு அடுத்த ஊருக்குக் கொடிக்கம்பம் அகற்றப் போய்விட்டார்.

ஏசுராஜ் காலிலிருந்து சுற்றிக்கொண்டே ஏணியில் ஏறினார். அன்றைக்குத்தான் பூசியது போலப் பச்சை சிமெண்டு வாடை. சிலை வைத்துப் பல வருஷம் ஆகிறது... முகத்தைச் சுற்றும்போது, வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே...

குதித்துக் கதவுக்கு ஓடினார். கை படுமுன் அது சாத்திக்கொண்டது. 'டக்'. அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. வெளியே யாரும் இல்லை.

“போன் பண்ணியிருக்கலாமே?” என்று கேட்டாள் ஷோபனா. நாங்கள் தேர்தல் வேலைக்கு வந்து, அதே மலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஒண்டிக் கிடந்தோம்.

“இங்க உன் போன்ல டவர் இருக்குதா, இன்னா?” என்றேன்.

ஏசுராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பனி இறங்கியது. தொண்டை கட்டிவிட்டது. முதுகுக்குப் பின்னால் துணி உரசும் சத்தம்... சர்... சர்... அவர் திரும்பவில்லை. பக்கத்துக் கம்பி அதிர்ந்தது.

கடைசியில் ஒரு பைக் வெளிச்சம். கோபால்சாமி தூரத்திலிருந்தே சிரித்தார்.

“இன்னா ஏசுராஜு, கூட யாரு? ஒரு ஆளுக்குத்தான கூலி சொன்னேன்?”

“தொறங்க,” என்றார் ஏசுராஜ்.

பூட்டு திறந்ததும் வெளியே பாய்ந்தார். கோபால்சாமி கதவைப் பிடித்தபடியே நின்றார், அடுத்த ஆளும் வரட்டும் என்று. ஏசுராஜ் அவர் கையைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். பூட்டை அவரே அழுத்தினார். உள்ளிருந்து ஒரு பெருமூச்சு...

அதன் பிறகு துணி ஒரு பக்கம் கம்பிவரை புடைத்தே நின்றது. காற்று என்றார்கள்.

ஓட்டு எண்ணி முடித்து அவிழ்த்தபோது, வாள் காலடியில் கிடந்தது. ராஜாவின் வலது கை கீழே இறங்கி, கதவோரக் கம்பியைப் பிடித்திருந்தது. சிமெண்டு விரல்கள் கம்பியைச் சுற்றி முழுதாக மூடியிருந்தன.

கம்பியை அறுக்காமல் அந்தக் கையை எடுக்க முடியாது. அறுக்க இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.