ஒருவர் மட்டும் ஏறும்போது

உங்கள் கட்டடத்து லிஃப்ட் தரைத் தளத்தில் நிற்கும்போது லேசாக முனகுகிறது ஐயா. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். பெரிய செலவில்லை, ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் எனக்கும் மனசு லேசாக இருக்கும்.

நான் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக். எனக்கும் மனைவிக்கும் தரைத் தளத்திலேயே ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். வேலை நேரம் போகக் கவிதை எழுதுவேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நூலகத்து மாடியில் மாதம் ஒரு முறை கூடும் கவிதை வட்டத்தில் பல் டாக்டர் இருக்கிறார், பேருந்து ஓட்டுநர் இருக்கிறார், நான் இருந்தால் என்ன. அங்கே எனக்கு 'மேலே கீழே' என்று பட்டப்பெயர். என் கவிதையும் லிஃப்ட் மாதிரிதான், கிளம்பும், நட்டநடுவில் நின்றுவிடும் என்று வட்டத்தின் தலைவர் ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. காலையில் கண் விழித்ததும் எதையாவது கிறுக்கச் சொன்னார் பல் டாக்டர். கிறுக்கினேன். தனியாக நடந்து பார்க்கச் சொன்னார் ஓட்டுநர். நடந்தேன், செருப்புத்தான் தேய்ந்தது. மழை, நிலா, அம்மா என்று எழுதி எழுதிக் கிழித்தேன். குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள், "கொஞ்ச நாள் சும்மா இருங்களேன். கவிதை என்ன பால்காரரா, நாள் தவறாம வாசல்ல வந்து நிக்க?" அவள் இதமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மொட்டை மாடி மோட்டார் அறையில், லிஃப்டுக்குள் பேசவும் கேட்கவும் இருக்கும் போனை எடுத்து முதலில் பேச வேண்டும். பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், இதோ திறந்துடுறேன் என்று கதவு திறக்கிறவரைக்கும் பேச்சு நிற்கக்கூடாது. பயிற்சியில் ஒயரைத் தொடவிடும் முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளே செல்போன் எடுக்காது. அந்தக் குரல் ஒன்றுதான் அவர்களுக்குத் துணை.

ஒரு மத்தியானம் மின்சாரம் எகிறி லிஃப்ட் தானாகவே நின்றது. உள்ளே ஒன்பதாம் மாடிக் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போனை எடுத்தபோது என் வாய் நிறைய பிஸ்கட். விழுங்குவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். என்னிடம் இல்லை, செத்துப்போன கணவரிடம். "விளக்கை அணைச்சுட்டுப் போயிட்டீங்களே, நான் இன்னும் உங்க சட்டைக்குப் பொத்தான் தச்சுக்கிட்டிருக்கேனே" என்றார். நான் விழுங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அவரை இறக்கிவிட்டபோது என் தோளைத் தட்டி நன்றி சொன்னார்.

அந்த மாதக் கூட்டத்தில் அதைத்தான் படித்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இது எங்கேருந்துப்பா வந்துச்சு உனக்கு?" என்றார். "தானா வந்துச்சுங்க" என்றேன்.

அடுத்து வந்தவை தானாக வரவில்லை. நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல்தான் பார்த்துக்கொண்டேன். மோட்டார் அறையில் எடை காட்டும் மீட்டர் உண்டு. ஒரே ஒரு பெரிய ஆள் என்று அது காட்டினால் மட்டும்தான் நிறுத்துவேன். இரண்டு பேர் இருந்தால் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றித்தான் புலம்புவார்கள். போனை எடுப்பேன், பேசமாட்டேன். நான் பேசினால் எவ்வளவு நேரமாகும் என்று என்னைக் கேட்பார்கள். பேசாமல் இருந்தால் யாரிடம் பேச வேண்டுமோ அவர்களிடம் பேசுவார்கள். ஆறாம் மாடி ஆடிட்டர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டுத் தரகர், பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்துவிட்டு நடுவில் அழுதார். வெளியே வரும்போது எல்லார் முகத்திலும் பாரம் இறங்கின ஒரு தெளிவு. அதை ஒரு சேவை என்றே நான் நினைத்தேன்.

"என்னப்பா, உன் லிஃப்ட் அடிக்கடி மயக்கம் போடுது?" என்று குடியிருப்புச் செயலாளர் கேட்டார். சென்சார் கோளாறு என்றேன், நம்பினார். நம்பாதவள் என் வீட்டிலேயே இருந்தாள்.

என் மனைவி பழைய துணிகளைப் பிரித்துச் சரிசெய்து தைத்துக் கொடுப்பாள். மாடிப் பெண்கள் எல்லாரும் வருவார்கள், கணக்கு டீச்சர் வந்தால் மணிக்கணக்காக உட்கார்ந்துவிடுவார். ஒரு சாயங்காலம் ஊசியில் நூல் கோத்தபடியே, "டீச்சர் மாட்டிக்கிட்ட அன்னிக்கு போன்ல யாருமே பேசலையாமே?" என்று கேட்டாள்.

"லைன் சரியில்ல" என்றேன்.

"ஓ" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த 'ஓ' என்னைத் தூங்கவிடவில்லை. பொத்தான் கவிதையை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டியிருந்தேன். அதே வார்த்தைகளை டீச்சர் அவளிடம் சொல்லியிருப்பாரோ? சொன்னதாக இவள் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதன் பிறகு என்ன எழுதினேன் என்று கேட்பதை விட்டுவிட்டாள். நான் மாடிக்குக் கிளம்பினால் தையல் மிஷின் சத்தம் நிற்கும். இறங்கி வந்தால், "இன்னிக்கு யாரு?" என்பாள், உடனே சிரிப்பாள். விளையாட்டா, வேவு பார்க்கிறாளா, எனக்குப் பிடிபடவில்லை. சோறு போடும்போது என் கையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் குடியிருந்த மாதிரி இருந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அப்படியும் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறத் தொடங்கினாள். அப்புறம் கவனித்தேன், டீச்சர் லிஃப்டுக்குத் துணை தேடி நின்றார். ஆடிட்டர் காவலாளியை அழைத்துக்கொண்டு ஏறினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாருமே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மீட்டர் ஒற்றை ஆளைக் காட்டவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வட்டம் புத்தகம் போட முடிவெடுத்தது. "முதல் பக்கம் உன்னோடதுதான். இந்த வாரத்துக்குள்ள குடுத்துடு" என்றார் தலைவர். என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய். முதல் பக்கம் என்றால் என்னவென்று எழுதுகிறவனுக்குத்தான் தெரியும் ஐயா. எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

அன்றைக்குப் பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மீட்டர் அசைந்தது. ஒரே ஆள். லிஃப்ட் பதினொன்றைத் தாண்டியதும் சுவிட்சை அணைத்தேன். போனை எடுத்தேன்.

"நீங்கதானே?" என்றாள் என் மனைவி. "மூச்சு விடுறது கேக்குது. இத்தனை வருஷமா பக்கத்துல படுத்துக் கேட்ட மூச்சு எனக்குத் தெரியாதா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப நிறுத்திட்டீங்க" என்றாள். "டீச்சர் சொன்னப்ப நான் நம்பலைங்க. என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லன்னு சண்டைகூட போட்டேன். சரி, நாமளே ஏறிப் பாத்துடுவோம்னுதான் ஏறினேன். நிக்கக்கூடாது, நிக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேனாவை எடுத்தேன்.

"திறந்துடுங்க, போதும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இழுக்குதுங்க. மருந்து கீழ வீட்டுல, தையல் மிஷின் மேல இருக்கு" என்றாள். அதன் பிறகு அவள் என்னைக் கேட்பதை விட்டுவிட்டாள். கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த அறையைப் பற்றிப் பேசினாள். அப்போது எங்களிடம் ஒரே ஒரு போர்வைதான். "நீங்க தூங்கினப்புறம் உங்க பக்கம் தள்ளிவிடுவேன். காலையில நீங்க பாதியைத் திருப்பி என் மேல போத்தியிருப்பீங்க. அந்த ஆளு எங்கங்க போனாரு?"

இப்படி ஒரு வரிக்காகத்தான் ஆயுசு முழுக்கக் காத்திருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும், மறுபடியும் மருந்து, சுவிட்ச் என்று ஆரம்பித்திருப்பாள். அவள் எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே நான் வரியை மடித்தேன். அவளைப் போல என்னை யாரும் புரிந்துகொண்டதில்லை. எனக்கு எழுத வரவில்லை என்று தெரிந்து, அவளாகவே வந்து கொடுத்தாள்.

சுவிட்சை ஏன் போடவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அவள் பயப்படவில்லை, அதனால்தான் என்றேன். பயந்தவர்கள் கதவைத் தட்டுவார்கள், எத்தனையோ பேரைக் கேட்டவன் நான். அவள் தட்டியிருந்தால் அந்த நிமிஷமே திறந்திருப்பேன்.

இப்போது அவள் கைகளின் படத்தை மேஜைமேல் வைக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது.

ஆமாம், ஒரு சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. சீரான சத்தம். அந்த அளவுக்குத்தான் கவிதையின் ஒவ்வொரு அடியையும் வெட்டி வெட்டி வைத்தேன், அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. அது நின்றதும் கவிதை முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, சுவிட்சைப் போட்டேன்.