ஊதிப் பாருங்க

– பீரோவ அப்படியே வுட்டுடுங்க. இன்னும் நகர்த்தாதீங்க.

– லாரிக்காரன் வாசல்ல ஆரன் அடிச்சிக்கினு இருக்கான், டெய்சி. இந்தக் குவார்ட்டர்ஸ்ல இது ஒண்ணுதான் பாக்கி.

– பின்னால செவுத்துல என்னமோ தொங்குது பாருங்க. கட்டவெரல் அளவு. வவ்வாலா அது?

– வவ்வாலேதான். குட்டியோண்டு. அவ்ளோதான் கத. தொடப்பத்த எடு, வெரட்டி வுட்டுடலாம்.

– மாதாவே, தொடப்பமா! நம்ம கிளமென்ட் ரூமத் தேடி வந்து தொங்கிக்கினு இருக்குது, தொடப்பத்தால வெரட்டச் சொல்றீங்களே!

– அவன் போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இன்னும் அவன் ரூமு, அவன் ரூமுன்னுக்கினு...

– அமெரிக்காவுல அவன் எத்தப் படிச்சான்? பாழடஞ்ச சொரங்கத்துல எறங்கி எத்த எண்ணிக்கினு இருந்தான்? சொல்லுங்க.

– வவ்வால. எனக்குத் தெரியாதா? நான் இங்க மைன்ஸ்ல மண்ண வாரிக்கினு இருந்தேன், எம்புள்ள அங்க மைன்ஸ்ல வவ்வால எண்ணிக்கினு இருந்தான். அதுக்கு என்னா இப்ப?

– அவன்தான் வந்துருக்கான்.

– டெய்சி, பனியில கார் சறுக்கி செத்துட்டான். கல்லறையில நானே மண்ணு போட்டேன்.

– பொட்டி மேல போட்டீங்க. தொறக்கவே கூடாதுன்னு ஆணி அடிச்சில்ல அனுப்பிச்சாங்க? மொகத்தப் பாத்தீங்களா நீங்க?

– இல்ல.

– அவனோட வவ்வால எப்படிக் கண்டுபுடிக்கணும்னு போன்ல சொன்னானே, ஞாபகம் இருக்குதா? முதுவுல ஊதணும். முடி பிரியும். ஒரே முடியில மூணு நெறம்.

– அடியில கறுப்பு, நடுவுல மஞ்ச, நுனியில மறுபடி கறுப்பு. அந்த ஜாதி அந்தப் பக்கத்த வுட்டா ஒலகத்துலயே வேற எங்கியும் இல்லன்னும் அவன்தான் சொன்னான். நம்மூர்துக்கு ரெண்டே நெறம்.

– அப்ப ஊதிப் பாருங்க. மூணு இருந்துச்சுன்னா நான் லாரியில ஏற மாட்டேன். குவார்ட்டர்ஸ இடிக்கட்டும், நான் உள்ளயே கெடக்கறேன்.

– ரெண்டு இருந்துச்சுன்னா?

– வாயத் தொறக்காம வந்து ஏறிக்கறேன்.

– மந்தாரக்குப்பம் புது வூட்டுல ஒழுங்கா சோறு திம்பியா?

– திங்கறேன்.

– ராத்திரியில செவுத்தோட பேசாம தூங்குவியா?

– தூங்கறேங்க. மொதல்ல பாருங்க. வெறுங்கையால தொட்டுடாதீங்க, கடிச்சா வெறிநோயி வரும்னு அவன் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கான்.

– தெரியும். மைன்ஸ் கிளவுஸ் இருக்குது, போட்டுட்டேன். வா... வா... புடிச்சுட்டேன். என்னாது, கிளவுஸ் போட்டும் சில்லுங்குது!

– சித்திர வெயில்ல சில்லுன்னா இருக்குது?

– செவுத்து ஈரமா இருக்கும். நீயே வந்து பாரேன்.

– கண்ணாடி லாரியில ஏறிடுச்சு. கிட்ட வச்சுப் பாத்தா எனக்கு எல்லாம் ஒரே கலங்கல். நீங்கதான் பாக்கணும். ஊதுங்க.

– ஊதறேன்.

– என்னாங்க?

– இரு.

– ஏங்க, எதுக்கு ஜன்னல் பக்கம் போறீங்க?

– அங்க வெளிச்சம் பத்தல. இரும்மா.

– எத்தினி நெறம்?

– ரெண்டு.

– நல்லாப் பாத்தீங்களா?

– அடியில கறுப்பு, மேல பழுப்பு. சேத்தியாத்தோப்புப் பாலத்துக்கு அடியில இது மாதிரி எத்தினியோ தொங்குது. நம்மூர் வவ்வாலுதான். அவ்ளோதான் கத.

– மாதா மேல ஆணையா?

– மாதா மேல ஆணையா ரெண்டுதான், டெய்சி.

– சரி... நான் போயி லாரியில ஒக்காரறேன். அதக் கீழ போட்டுடாதீங்க பாவம், ஜன்னல்ல வுட்டுட்டு வாங்க.

– வுட்டுடறேன். நீ போ. கதவச் சாத்திட்டுப் போ.

– சீக்கிரம் வாங்க.

– கிளமென்ட்டு... அம்மா போயிட்டாடா. மூணு நெறமும் இருக்குது, பாத்துட்டேன். அன்னிக்குத்தான் பொட்டியத் தொறந்து ஒன்னத் தொட வுடல. இந்தா, கிளவுஸக் கழட்டிட்டேன். வா.