தங்கை மகளின் பின்னலை வெட்டியது குறித்து

என் வயது முப்பத்தொன்பது. சலவைக்கடைக்கு மேலே, பின்படி ஏறி வந்தால் இரண்டாவது கதவு எங்கள் வீடு. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பதினோரு ஆண்டுகளாக அளவெடுத்துத் துணி வெட்டும் வேலை செய்கிறேன். கணவர் உடன் இல்லை. பத்து வயதில் ஒரு மகள். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியில் மகளைச் சேர்க்க விரும்பினேன். இந்தப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகளை அங்கே எடுப்பதில்லை. என் தங்கை வீடு அந்தப் பக்கம். அவளுக்கும் ஒரு மகள், என் மகளைவிட மூன்று மாதம் இளையவள். "அக்கா, உம்பொண்ணு இங்கயே இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணா படிக்கட்டும்" என்று தங்கையே சொன்னாள். அதன்படி ஏழு மாதமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை என் மகள் அங்கேதான் இருந்தாள். சனிக்கிழமை மட்டும் என்னிடம் வருவாள்.

அதன் பிறகு நுழைவுத் தேர்வு நடந்தது. ஓர் இடம்தான் மீதி இருந்தது. வரிசையில் என் மகள் முன்னால், தங்கை மகள் அவளுக்கு அடுத்து. என் மகளின் முகவரியில் சந்தேகம் இருப்பதாகச் சொல்லி நிராகரித்துக் கடிதம் வந்தது. அதன் பேரில் நான் மேல்முறையீடு செய்தேன்.

விசாரணை பள்ளி நூலகத்தில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒரு பல் மருத்துவர். மகளை நிற்க வைத்தே கேட்டார்கள்.

"உன் பல் தேய்க்கிற பிரஷ் எந்த வீட்ல இருக்கு?"

"ரெண்டு வீட்லயும் இருக்கு."

"அப்ப பல்லு எந்த வீட்ல இருக்கு?" என்றார் தலைவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்து மகளும் சிரித்தாள்.

அதன் பிறகு தலைவர் ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். அந்தப் பெண் எப்போதாவது விடுமுறைக்கு வந்து போவாள், எங்கள் வீட்டில் தங்குவதில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். காட்டினார். தங்கையின் கையெழுத்து. மேல்முறையீட்டை நிராகரித்து, "மனசுல வச்சுக்காதீங்க, அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்க" என்றார். வெளியே வந்ததும் மகள், "சித்தி மறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தங்கையிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் தன் மகளுக்கு அந்தப் பள்ளியின் சீருடை தைக்க எங்கள் கடைக்கே வந்தாள். எனக்கு அன்று விடுப்பு என்று நினைத்து வந்தாளாம். என்னைப் பார்த்ததும், "சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவே?" என்றாள். நான் பிள்ளையை அளவெடுக்கும் அறைக்குள் அழைத்துப் போனேன். அளவெடுப்பவரோடு இன்னொருவர் நிற்கத்தான் அங்கே இடம், அதனால் தங்கை திரைக்கு வெளியே நின்றாள்.

தோள், கை, இடுப்பு, நீளம் எல்லாம் எடுத்துச் சீட்டில் எழுதினேன். சரியாகவே எழுதினேன். "பெரியம்மா, அக்கா எப்ப வருவா? அவ பாதி வரைஞ்ச படம் எங்க வீட்லயே கெடக்கு" என்று பிள்ளை கேட்டாள். கழுத்தளவு எடுக்கணும், குனிஞ்சுக்கோ என்றேன். குனிந்தாள். துணி வெட்டும் கத்தரியால் பின்னலைக் கழுத்தை ஒட்டி வெட்டினேன். ஒரே வெட்டில் வரவில்லை, மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. அளவெடுப்பதாகவே நினைத்து அவள் அசையாமல் இருந்தாள். காது மடலில் கத்தரி பட்டு ரத்தம் வந்த பிறகுதான் அழுதாள். கை தவறிப் பட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு வெளியே வந்து பின்னலைத் தங்கை கையில் கொடுத்து, "இதுவும் உங்க வீட்ல இல்லைன்னு எழுதிக் குடுத்துடு" என்றேன். முதலாளி அப்போதே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

தங்கை மகள் அன்று முதல் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, அம்மா பக்கத்தில் வந்தாலும் தலையைக் கையால் மூடிக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பள்ளி திறந்து பத்து நாளாகியும் அவள் போகாததால் பெயரை எடுத்துவிட்டார்கள். பள்ளி எழுத்தர் எனக்குப் போன் செய்து, இடம் காலி, உங்கள் மகள்தான் அடுத்தது என்றார். முகவரி என்று இழுத்தேன். "அதுக்கு ஆட்சேபம் சொல்ல இப்ப யாரும் இல்லீங்க" என்றார். மறுநாளே போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தங்கை இந்தப் புகாரைக் கொடுத்திருக்கிறாள்.

இடத்துக்காக நான் வெட்டவில்லை. கிடைத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேர்த்துவிட்டு வரும் வழியில் மகள், "அவளுக்கு முடி வளந்ததும் நான் எடத்தைத் திருப்பிக் குடுத்துடணுமாம்மா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, அத்தனையும் உண்மை. நீக்கவோ திருத்தவோ எதுவும் இல்லை.

(கையொப்பம்)