கோடு கீழ நின்ன படம்

இல்ல சார், அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இதுல உக்காருங்க. நாலு தடவ ரிப்பேருக்கு எழுதிப் போட்டாச்சு. ஸ்டூல் வரல, உலகத்தரம்னு ஒரு போர்டு வந்துச்சு. வாசல்ல பாத்திருப்பீங்களே.

நானா? இந்த லேப்ல ஜெல் ஊத்துறவ. இருபத்திரெண்டு வருஷமா. விசாரணைக் கமிட்டி வருது, கூட இருங்கன்னாங்க. கமிட்டின்னா நாலு பேராவது வருவாங்கன்னு நெனச்சேன். ஓ, மத்தவங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாங்களா. நல்லது, உங்களுக்கும் வேலை மிச்சம்.

அந்தப் பொண்ணு கேன்டீன்ல இருக்கு சார். மூணாம் வருஷம்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஆராய்ச்சிக்கு வந்து இப்ப அஞ்சு வருஷம் ஆச்சு, பேரு மட்டும் அங்கயே நின்னுடுச்சு. அதை வீட்டுக்கு அனுப்பத்தானே இந்தக் காகிதம்? காரணம்ங்குற எடத்துல கவனக்குறைவுன்னு டைப் அடிச்சே வந்துருக்கு போல. பரவாயில்ல. முடிவு முன்னாடி வந்துட்டா விசாரணை சீக்கிரம் முடியும்.

நீங்க இந்தப் படிப்பு இல்லயா? அப்ப முதல்லேர்ந்து சொல்றேன். ஈரத்துணியப் பிழியுறோம்ல, முறுக்க முறுக்க சுருண்டுக்கும். செல்லுக்குள்ள இருக்குற டிஎன்ஏவும் அப்பிடித்தான். ரெண்டு இழை ஒண்ணோட ஒண்ணு பின்னி, அதையும் மேல மேல முறுக்கி, துளியூண்டு எடத்துல அடச்சு வெச்சிருக்கு. அதுல எழுதியிருக்குறதப் படிக்கணும்னா இழையப் பிரிக்கணும். இங்க பிரிச்சா அந்தப் பக்கம் முறுக்கு ஏறும். ஏறிக்கிட்டே போனா படிக்கிறதும் நிக்கும், நகல் எடுக்குறதும் நிக்கும், செல்லோட கதை முடிஞ்சுது. அதனால ஒரு என்சைம் கூடவே வேலை பாக்கும். இழைய வெட்டும், முறுக்கை இறக்கும், வெட்டுன எடத்த தானே ஒட்டிட்டுப் போயிடும். இங்க நெறயப் பேருக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும்.

ஆமா, அதேதான். கிருமியோட என்சைமைத் தடுத்துட்டா கிருமி காலி. அப்பிடி ஒரு மருந்த எங்க புரொபசர் கண்டுபிடிச்சாரு. ஆறு வருஷமாச்சு. சுவத்துல மாட்டியிருக்கே, அந்தப் படம்தான் அத்தாட்சி. விழுந்து கும்பிடாத குறை. முறுக்கு இருக்குற டிஎன்ஏ வளையம் கச்சிதமா இருக்கும், நான் தட்டுல ஊத்தி உறைய வெக்குற ஜெல்லுல வெச்சு கரண்டு விட்டா விறுவிறுன்னு கீழ ஓடிடும். முறுக்கு தளர்ந்தது ஆடி அசைஞ்சு மேலயே நிக்கும். நின்ன எடம் படத்துல ஒரு கோடாத் தெரியும். மருந்து போட்டதும் கோடு கீழ நின்னுச்சு. பாத்தீங்களா, என்சைமால முறுக்கை இறக்க முடியலன்னு ஒரே கொண்டாட்டம். விருது, சால்வை, கைதட்டல்.

அதைத் தொடர்ந்து செய்யத்தான் அந்தப் பொண்ணைச் சேத்தாரு. நூறு தடவ செஞ்சிருக்கும் சார். நூறு தடவையும் கோடு மேலயே நிக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு, எல்லாரும் உக்காந்திருக்குற மீட்டிங்ல வெச்சே சொன்னாரு. அது குளிர் அறைக்குள்ள போய் அழும். அங்கேர்ந்து வந்தா மூக்கு ஏன் செவந்திருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க பாருங்க.

அந்தப் படம் எடுத்தப்ப யாராவது கூட இருந்தாங்களா? அடேயப்பா. ஆறு வருஷத்துல இதை நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க.

நான்தான் இருந்தேன். அன்னிக்கி நாலு மணிக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு ஒரே பறப்பு. மருந்து போடாததக் காலையிலயே ஒரு தட்டுல ஓட்டி முடிச்சாச்சு, அதுல கோடு மேலதான் நின்னுச்சு. மருந்து போட்டது ரெண்டாவது தட்டு. கோடு கண்ணுக்குத் தெரியணும்னா ஒரு சாயம் வேணும். ஓட்டி முடிச்சப்புறம் அதுல ஜெல்ல ஊற வெக்கணும், ஒரு மணி நேரம் புடிக்கும். புரொபசர் கதவுகிட்ட நின்னு ஆச்சா ஆச்சாங்குறாரு. நான் ஜெல் ஊத்துறப்பவே சாயத்தக் கலந்துட்டேன். மத்த வேலைக்கெல்லாம் அப்பிடித்தான் கலப்போம், தப்பில்ல. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆகாது. சாயம் இழைக்கு நடுவுல புகுந்து உக்காந்துக்கும், தளர்ந்து கெடந்த வளையமும் திரும்ப முறுக்கிக்கும். கோடு கீழ ஓடத்தான் செய்யும். மருந்து ஒரு மண்ணும் பண்ணல சார்.

எப்பிடித் தெரியுமா? நானே செஞ்சு பாத்தேன். என்சைமைப் போட்டு, மருந்துக்குப் பதிலா வெறும் தண்ணி விட்டு, ஒரே குழாய்லேர்ந்து எடுத்து ரெண்டு தட்டுல ஓட்டினேன். சாயத்தப் பின்னாடி போட்டதுல கோடு மேல, முன்னாடியே கலந்ததுல கீழ. தண்ணியே என்சைமை ஜெயிச்சுடுச்சு. அதுக்கும் ஒரு சால்வை போட்டிருக்கலாம்.

எழுதுங்க சார். ஏன் பேனா நிக்குது? காகிதத்துல எடம் இல்லன்னா பின்பக்கம் எழுதுங்க.

போன வாரமா? இல்ல சார். நான் செஞ்சு பாத்து ரெண்டு வருஷம் ஆகுது. அந்தப் படம் வந்த வருஷம்தான் என்னைய நிரந்தரம் பண்ணாங்க. வாயத் தொறந்தா வேலை போயிடும்னு பயந்தேன். வெறும் பயம்தான், வேற பெரிய காரணம் எதுவும் இல்ல. அதுக்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு எங்கிட்டதான் ஜெல் வாங்கும். இந்தத் தடவ கோடு கீழ வந்துடும்லக்கான்னு கேக்கும். வந்துடும்மா, தைரியமாப் போன்னு சொல்லுவேன். சொல்லிட்டு, சாயம் கலக்காத ஜெல்லத்தான் ஊத்திக் குடுப்பேன்.